64 பெரிதா, 65 பெரிதா? ஓர் இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்பின் சாதனைப் பட்டியலைப் படிக்கும் முறை

நாட்டிங்காம் ஃபாரஸ்ட் என்ற இங்கிலாந்துக் கிளப் 1977-78 சீசனில் 64 புள்ளிகள் எடுத்து லீக் சாம்பியன் ஆனது. அதே கிளப் 2024-25 சீசனில் 65 புள்ளிகள் எடுத்தது. அந்த முறை கிடைத்தது ஏழாம் இடம்.

ஒரு புள்ளி கூடுதலாக எடுத்தும் ஆறு இடம் கீழே. முதல்முறை பார்ப்பவருக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். இங்கிலாந்துக் கால்பந்தைப் பற்றி நடக்கும் விவாதங்களில் பாதி இந்த மாதிரிக் குழப்பத்திலிருந்தே கிளம்புகின்றன. "அந்தக் காலத்தில் எல்லாம் எளிது", "1992-க்கு முன்னால் ஜெயித்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது", "ஃபாரஸ்ட் அதிர்ஷ்டத்தில் ஜெயித்த கிளப்" என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எண்களை எடுத்துப் போடுகிறார்கள். அந்த எண் எந்த விதியின் கீழ், எந்தப் போட்டியில், எந்த அடுக்கில் வந்தது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கிளப்பின் சாதனைப் பட்டியலைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொள்ள ஃபாரஸ்டை விடப் பொருத்தமான கிளப் எனக்குத் தெரிந்து இல்லை. 1865-இல் தொடங்கிய கிளப். உச்சியையும் பார்த்திருக்கிறது, மூன்றாம் அடுக்கையும் பார்த்திருக்கிறது. அதன் பட்டியலில் ஏறக்குறைய ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு விதி ஒளிந்திருக்கிறது.

புள்ளிகள்: மொத்தம் எத்தனைக்கு?

பழைய பிளஸ் டூ தேர்வில் 1200-க்கு 1000 வாங்கியவரையும், இப்போது 600-க்கு 540 வாங்கியவரையும் பக்கத்தில் நிறுத்தி, "1000 தான் பெரிது" என்று நாம் யாரும் சொல்ல மாட்டோம். மொத்தம் எத்தனைக்கு என்று முதலில் கேட்போம். கால்பந்து அட்டவணையிலும் கேட்க வேண்டியது அதே கேள்விதான்.

லீக் என்பது எல்லா அணிகளும் மற்ற எல்லா அணிகளோடும் சொந்த மைதானத்தில் ஒருமுறை, எதிரணி மைதானத்தில் ஒருமுறை ஆடும் போட்டி. வெற்றிக்கும் சமநிலைக்கும் புள்ளி உண்டு, தோல்விக்கு இல்லை. சீசன் முடிவில் அதிகப் புள்ளி எடுத்தவர் சாம்பியன். 1888-இல் பன்னிரண்டு கிளப்புகளோடு இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக் தொடங்கிய நாளிலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. மாறியது, வெற்றிக்கு எத்தனை புள்ளி என்பது.

1980-81 சீசன் வரை வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று. 1981-82 முதல் வெற்றிக்கு மூன்று. இந்த மாற்றத்துக்காக விடாமல் வாதாடியவர், முன்னாள் வீரரும் தொலைக்காட்சித் தொகுப்பாளருமான ஜிம்மி ஹில். வெற்றிக்கும் சமநிலைக்கும் இடையே இடைவெளி கூடினால் அணிகள் தற்காத்து ஆடாமல் ஜெயிக்கப் பார்க்கும் என்பது அவருடைய எண்ணம்.

இப்போது கணக்குப் போடலாம். 1977-78-இல் முதல் பிரிவில் 22 அணிகள், ஆளுக்கு 42 ஆட்டம். வெற்றிக்கு இரண்டு புள்ளி என்றால் ஒரு அணி அதிகபட்சம் 84 எடுக்க முடியும். அதில் ஃபாரஸ்ட் 64 எடுத்தது: 25 வெற்றி, 14 சமநிலை, 3 தோல்வி. நூற்றுக்கு 76. 2024-25-இல் 20 அணிகள், 38 ஆட்டம், வெற்றிக்கு மூன்று புள்ளி, அதிகபட்சம் 114. அதில் எடுத்த 65 நூற்றுக்கு 57 தான். 19 வெற்றி, 8 சமநிலை, 11 தோல்வி.

1977-78-இன் வெற்றிகளை இன்றைய விதியில் போட்டால் ஃபாரஸ்டுக்கு 89 புள்ளி வரும். இரண்டாம் இடம் பிடித்த லிவர்பூலுக்கு அப்போது 57 புள்ளி, இன்றைய கணக்கில் 81. அதாவது எந்த விதியில் பார்த்தாலும் ஃபாரஸ்ட் தெளிவான சாம்பியன். பழைய சீசன்களை ஒப்பிடும்போது வெற்றி, சமநிலை, தோல்வி என்ற மூன்று எண்களை எடுத்துக்கொள்வதுதான் நல்லது. புள்ளி விதியோடு மாறும், இந்த மூன்றும் மாறாது.

சரி, புள்ளி சமமாக இருந்தால்? 1975-76 வரை அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்துப் பார்த்தார்கள். அதன் பிறகு அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழிக்கிறார்கள். இதைத்தான் கோல் வித்தியாசம் என்கிறோம்.

'முதல் பிரிவு' என்ற பெயரில் இருக்கும் கண்ணி

ஃபாரஸ்ட் 1978-இல் முதல் பிரிவில் சாம்பியன். 1998-இலும் முதல் பிரிவில் சாம்பியன். இரண்டும் உண்மை. அப்படியானால் அது இரண்டு முறை இங்கிலாந்தின் சாம்பியனா? இல்லை, ஒருமுறைதான்.

இங்கிலாந்துக் கால்பந்து மாடி மாடியாகக் கட்டப்பட்டது. ஒவ்வொரு மாடியையும் அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடுக்கில் மேலே முடிக்கும் சில அணிகள் அடுத்த சீசனில் மேல் அடுக்குக்குப் போகும். அது மேலேற்றம். கடைசியில் முடிக்கும் சில அணிகள் கீழே போகும். அது கீழிறக்கம். எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் இதிலிருந்து விலக்கு இல்லை.

1892-இல் ஃபுட்பால் லீக் தன்னோடு போட்டி போட்டுக்கொண்டிருந்த ஃபுட்பால் அலையன்ஸ் என்ற அமைப்பின் கிளப்புகளைச் சேர்த்துக்கொண்டு இரண்டு பிரிவாக விரிந்தது. அந்த அலையன்ஸின் கடைசி சாம்பியனான ஃபாரஸ்ட் நேராக முதல் பிரிவுக்கு வந்தது. அப்போதிலிருந்து சரியாக நூறு ஆண்டு, 1992 வரை, 'முதல் பிரிவு' என்றால் உச்ச அடுக்கு.

1992-இல் உச்ச அடுக்கின் 22 கிளப்புகளும் தனியே பிரிந்து பிரீமியர் லீக் என்ற பெயரில் நடத்தத் தொடங்கின. உடனே பழைய இரண்டாம் பிரிவுக்கு 'முதல் பிரிவு' என்று பெயர் மாற்றினார்கள். 2004-இல் இன்னொரு மாற்றம் வந்தது. இரண்டாம் அடுக்குக்கு 'சாம்பியன்ஷிப்' என்றும், மூன்றாம் அடுக்குக்கு 'லீக் ஒன்' என்றும் பெயர் வைத்தார்கள். ஆக, 1998-இல் ஃபாரஸ்ட் வென்ற 'முதல் பிரிவு' உண்மையில் இரண்டாம் அடுக்கு. 1907-இலும் 1922-இலும் அது வென்ற 'இரண்டாம் பிரிவு' எந்த அடுக்கோ, அதே அடுக்குதான்.

அதனால் ஒரு கிளப்பின் வரலாற்றைப் படிக்கும்போது பிரிவின் பெயரைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், அடுக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

1992-இல் மாறியதில் பெரும்பங்கு நிர்வாகமும் தொலைக்காட்சிப் பணமும்தான். ஆடுகளத்தில் அதே அணிகள் அதே புள்ளி விதியில் ஆடின. ஆனால் தொலைக்காட்சியில் "பிரீமியர் லீக் வரலாற்றிலேயே" என்று தொடங்கும் சாதனைகளைக் கேட்டுக் கேட்டு, அதற்கு முன் ஒன்றுமே நடக்கவில்லை என்ற எண்ணம் பரவிவிட்டது. அந்தச் சொற்றொடர் 1992-க்குப் பிந்தைய காலத்தை மட்டும் குறிக்கும். அதை வைத்து அளந்தால் ஃபாரஸ்டின் ஆகச் சிறந்த சீசன் 1994-95, மூன்றாம் இடம். 1978 மறைந்தே போய்விடும். நூறாண்டு வரலாறு கொண்ட கிளப்புகளுக்கு இது பெரிய அநியாயம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: புள்ளி என்று கண்டால் வெற்றிக்கு எத்தனை, மொத்தம் எத்தனை ஆட்டம் என்று பார்க்க வேண்டும். பிரிவின் பெயர் என்று கண்டால் ஆண்டைப் பார்த்து அடுக்கைக் கண்டுபிடிக்க வேண்டும்.

லீக் வேறு, கோப்பை வேறு

கோப்பைப் போட்டி நாக் அவுட் முறையில் நடப்பது. தோற்றால் வெளியே, ஜெயித்தால் அடுத்த சுற்று. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பைதான் இதில் மூத்தது, 1871-72-இல் தொடங்கியது. கீழ் அடுக்குகளில் இருக்கும் கிளப்புகளும் இதில் நுழைய முடியும். லீக் கோப்பை 1960-இல் வந்தது. அதில் ஃபுட்பால் லீக், பிரீமியர் லீக் கிளப்புகளுக்கு மட்டும் இடம்.

ஃபாரஸ்ட் எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்றிருக்கிறது. 1898-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் டெர்பி கவுண்டியை 3-1 என்று தோற்கடித்தது முதல் முறை. 1959-இல் வெம்ப்ளியில் லூட்டன் டவுனை 2-1 என்று ஜெயித்தது இரண்டாம் முறை. அந்த 1959 ஆட்டத்தில் முதல் கோலை அடித்த ராய் டுவைட் முதல் பாதியிலேயே கால் எலும்பு முறிந்து வெளியேறினார். அப்போது மாற்று வீரரை இறக்க விதியில் இடமில்லை. மீதி ஆட்டம் முழுவதும் பத்துப் பேரோடு ஆடிக் கோப்பையைக் காப்பாற்றினார்கள். பட்டியலில் '2-1' என்று மட்டும்தான் இருக்கும்.

லீக் கோப்பை நான்கு: 1978, 1979, 1989, 1990.

கோப்பை வெற்றியை லீக் வெற்றியோடு ஒரே தட்டில் வைத்து எண்ணக் கூடாது என்பது என் கருத்து. லீக் ஒன்பது மாதத் தொடர்ச்சியைச் சோதிக்கிறது. கோப்பை, தவற இடமில்லாத சில நாள்களைச் சோதிக்கிறது. இரண்டும் அருமையானவை, ஆனால் அளப்பது வேறு வேறு.

ஒரு லீக் பட்டம், இரண்டு ஐரோப்பியக் கோப்பை: இது எப்படிச் சாத்தியம்?

ஃபாரஸ்டின் பட்டியலில் அதிகம் பேசப்படுவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். சொந்த நாட்டு லீக்கை ஒரே ஒருமுறை வென்ற கிளப், ஐரோப்பியக் கோப்பையை இரண்டு முறை வென்றிருக்கிறது. ஐரோப்பாவில் லீக் பட்டங்களை விட ஐரோப்பியக் கோப்பைகள் கூடுதலாக வைத்திருக்கும் கிளப் ஃபாரஸ்ட் மட்டுமே. கேட்டதும் "எங்கோ இடிக்கிறதே" என்று தோன்றும். இடிக்கவில்லை, விதியைப் பார்த்தால் புரியும்.

இன்றைய சாம்பியன்ஸ் லீக்கின் முன்னோடிதான் ஐரோப்பியக் கோப்பை. 1955-இல் தொடங்கியது, 1992-இல் பெயர் மாறியது. இன்று ஒரே நாட்டிலிருந்து நான்கு, ஐந்து கிளப்புகள்கூடப் போகின்றன. அன்று ஒரு நாட்டுக்கு ஒரே இடம், லீக் சாம்பியனுக்கு. அதோடு, முந்தைய ஆண்டில் கோப்பையை வென்ற கிளப்புக்கு 'நடப்புச் சாம்பியன்' என்ற முறையில் தனி இடம். ஃபாரஸ்டின் புதிரை அவிழ்ப்பது இந்த இரண்டாவது வழிதான்.

ஆண்டு வரிசையில் பார்ப்போம். 1975 ஜனவரியில் பிரையன் கிளஃப் மேலாளராக வந்தபோது ஃபாரஸ்ட் இரண்டாம் அடுக்கில் இருந்தது. 1976-இல் அவருடைய பழைய துணை மேலாளர் பீட்டர் டெய்லரும் வந்து சேர்ந்தார். 1976-77-இல் மூன்றாம் இடம் பிடித்து உச்ச அடுக்குக்கு ஏறினார்கள். நான்காம் இடத்து போல்ட்டனை விட ஒரே ஒரு புள்ளி கூடுதல். அப்போது முதல் மூன்று அணிகளுக்கு நேரடி மேலேற்றம் உண்டு. இன்றைய விதியில் மூன்றாம் இடத்துக்கு நேரடி வழி இல்லை, பிளே-ஆஃப் எனப்படும், மேலேற்றத்தின் கடைசி இடத்துக்கான நாக் அவுட் ஆட்டங்களில் ஜெயித்தாக வேண்டும். ஏறிய கையோடு, முதல் சீசனிலேயே சாம்பியன். 1978-79-இல் இங்கிலாந்தின் சாம்பியனாக ஐரோப்பியக் கோப்பைக்குள் நுழைந்தார்கள்.

முதல் சுற்றிலேயே எதிரில் லிவர்பூல். 1977, 1978 இரண்டு ஆண்டும் கோப்பையை வென்று நடப்புச் சாம்பியனாக உள்ளே வந்திருந்த அணி. இன்று ஒரே நாட்டு அணிகள் தொடக்கக் கட்டத்தில் மோதாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். அன்று அந்தப் பாதுகாப்பு இல்லை. இரு கட்ட ஆட்டம், அதாவது ஒவ்வோர் அணியின் மைதானத்திலும் ஒன்று. சொந்த மைதானத்தில் 2-0, லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் 0-0. ஐரோப்பாவின் சாம்பியன் முதல் சுற்றிலேயே வெளியே போனது.

அப்புறம் ஏதென்ஸின் ஏ.ஈ.கே., சூரிக்கின் கிராஸ்ஹாப்பர்ஸ். அரையிறுதியில் ஜெர்மனியின் கொலோன். நாட்டிங்காமில் நடந்த முதல் கட்டம் 3-3. இங்கே வெளிக்கோல் விதி என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு கட்டமும் சேர்ந்து கோல் சமமானால், எதிரணி மைதானத்தில் அதிகக் கோல் அடித்தவர் வெற்றியாளர். 2021-இல் இந்த விதியை எடுத்துவிட்டார்கள். அன்று அது நடைமுறையில் இருந்ததால், கொலோனுக்கு இரண்டாம் கட்டத்தில் 0-0 போதும். ஃபாரஸ்ட் ஜெர்மனிக்குப் போய் ஜெயித்தாக வேண்டும் என்ற நிலை, 0-0, 1-1, 2-2 எதுவும் உதவாது. இயான் போயர் தலையால் முட்டி அடித்த கோலில் 1-0.

1979 மே 30, மியூனிக். ஸ்வீடனின் மால்மோவை 1-0 என்று வென்றார்கள். ஜான் ராபர்ட்சன் இடதுபுறத்திலிருந்து தூக்கிக் கொடுத்த பந்தை டிரெவர் ஃபிரான்சிஸ் தலையால் உள்ளே தள்ளினார்.

அந்த சீசனில் லீக்கில் ஃபாரஸ்டுக்கு இரண்டாம் இடம்தான், சாம்பியன் லிவர்பூல். இருந்தாலும் 1979-80 ஐரோப்பியக் கோப்பையில் ஃபாரஸ்டுக்கு நடப்புச் சாம்பியன் என்ற முறையில் இடம் கிடைத்தது. அரையிறுதியில் நெதர்லாந்தின் அயாக்ஸைக் கடந்து, 1980 மே 28 அன்று மாட்ரிட்டில், இங்கிலாந்தின் நட்சத்திர வீரர் கெவின் கீகன் ஆடிய ஜெர்மனியின் ஹாம்பர்க்கை ராபர்ட்சனின் ஒரே கோலில் வென்றார்கள். ஒரு லீக் பட்டம் திறந்துவிட்ட கதவு அது. மறுமுறை உள்ளே போக அவர்கள் வென்ற கோப்பையே அனுமதிச் சீட்டானது. 1980-81-இல் முதல் சுற்றில் பல்கேரியாவின் சி.எஸ்.கே.ஏ. சோஃபியா இரண்டு கட்டத்திலும் 1-0 என்று ஜெயித்து அந்தக் கதவை மூடியது.

"அப்போது ஒன்பது ஆட்டத்தில் கோப்பை கிடைத்தது, இப்போது பதினைந்தாவது ஆட வேண்டும்" என்பது வழக்கமான எதிர்வாதம். எண்ணிக்கை சரிதான். ஆனால் இன்றைய முறையில் லீக் கட்டத்தில் எட்டு ஆட்டம் உண்டு, அதில் இரண்டு மூன்று தோற்றாலும் மேலே வரலாம். அன்று ஒரு மோசமான இரவு போதும், அந்த ஆண்டு முடிந்தது. உள்ளே வருவதற்கே நாட்டின் சாம்பியனாகவோ ஐரோப்பாவின் சாம்பியனாகவோ இருக்க வேண்டும். இரண்டாம் அடுக்கிலிருந்து ஏறி மூன்றே ஆண்டில் இரண்டு முறை இதைச் செய்ததை அதிர்ஷ்டம் என்பவர்களின் பேச்சை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சுருக்கமாக: அன்றைய ஐரோப்பியக் கோப்பைக்கு வழி இரண்டு. 1979-க்கு ஃபாரஸ்ட் லீக் வழியாகப் போனது, 1980-க்கு நடப்புச் சாம்பியன் வழியாகப் போனது.

42 ஆட்டம் தோல்வியில்லை: எந்தப் போட்டியில்?

1977 நவம்பர் 26 முதல் 1978 நவம்பர் 25 வரை, சரியாக ஓர் ஆண்டு, ஃபாரஸ்ட் 42 லீக் ஆட்டங்களில் தோற்கவில்லை. 1978 டிசம்பர் 9-இல் ஆன்ஃபீல்டில் லிவர்பூல் 2-0 என்று முடித்துவைத்தது. ஒரு சீசனுக்கு 42 ஆட்டம் என்பதால் "ஒரு சீசன் முழுக்கத் தோற்கவில்லை" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அது இரண்டு சீசன்களில் பரவிய தொடர்: முதல் சீசனின் கடைசி 26 ஆட்டம், அடுத்த சீசனின் முதல் 16.

இதில் 'லீக்' என்ற சொல்லை விடக் கூடாது. இதே காலத்துக்குள், 1978 மார்ச்சில், எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதியில் வெஸ்ட் புரோம்விச்சிடம் ஃபாரஸ்ட் 2-0 என்று தோற்றது. அது தொடரை உடைக்காது, ஏனென்றால் அது வேறு போட்டி.

2004 ஆகஸ்டில் ஆர்சனல் இந்த 42-ஐத் தாண்டி, 49 வரை போனது. ஆர்சனலும் அந்த இடைவெளியில் கோப்பைப் போட்டிகளில் தோற்றிருக்கிறது. ஆர்சனல் 2003-04 சீசன் முழுவதையும், 38 ஆட்டங்களையும், தோல்வியில்லாமல் முடித்தது. 1888-89-இல் பிரெஸ்டன் நார்த் எண்ட் 22 லீக் ஆட்டங்களையும் எஃப்.ஏ. கோப்பையையும் தோற்காமல் முடித்தது. 'தோல்வியில்லை' என்ற ஒரே சொல் மூன்று வேறு சாதனைகளைக் குறிக்கிறது.

இன்னொன்று. ஃபாரஸ்டின் 42-இல் 21 வெற்றி, 21 சமநிலை. பழைய விதியில் சமநிலை என்பது பாதி வெற்றி, இன்று மூன்றில் ஒரு பங்கு. அதே 42 ஆட்டங்களுக்கு அன்று நூற்றுக்கு 75 வீதம் புள்ளி கிடைத்தது, இன்றானால் 67 கூட முழுதாக வராது. எதிரணி மைதானத்தில் சமநிலையோடு திரும்புவது அன்று நல்ல விளைச்சல். அந்த அணி அந்த விதிக்கு ஏற்ற அறிவோடு ஆடியது.

பெரிய வெற்றிகளும் அவற்றின் பின்புலமும்

ஃபாரஸ்டின் மிகப் பெரிய வெற்றி 14-0. 1891 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில், லண்டனின் கிளாப்டன் கிளப்பை அதன் இடத்திலேயே வென்றது. எந்த அடுக்கும் எந்த அடுக்கோடும் மோதக் கூடிய போட்டி என்பதால், ராட்சத எண்கள் பெரும்பாலும் கோப்பையில்தான் வரும்.

லீக்கில் மிகப் பெரியது 12-0. 1909 ஏப்ரலில் லெஸ்டர் ஃபோஸை வென்றது. மூன்று பேர் ஆளுக்கு மூன்று கோல் அடித்தார்கள். உச்ச அடுக்கில் இதைவிடப் பெரிய வெற்றி இல்லை, 1892-இல் வெஸ்ட் புரோம்விச் டார்வெனை வென்ற 12-0 மட்டும் இதற்குச் சமம். ஆனால் லெஸ்டர் ஏற்கெனவே கீழிறக்கம் உறுதியான அணி. ஃபாரஸ்டோ கீழிறங்காமல் தப்பப் புள்ளி தேவைப்பட்ட அணி. சந்தேகம் வந்து லீக் விசாரணை வைத்தது. லெஸ்டர் வீரர்கள் பழைய சக வீரர் ஒருவரின் திருமணக் கொண்டாட்டத்துக்குப் போய், அந்தக் களைப்போடு ஆட வந்தார்கள் என்று தெரிந்தது. எண் உண்மை, சாதனையும் நிற்கிறது. அதன் எடையை மட்டும் இந்தக் கதை தெரிந்தபின் நாம் வேறு மாதிரி மதிப்பிடுவோம்.

தனி வீரர்களின் எண்கள்

ஃபாரஸ்டுக்கு அதிக ஆட்டம் ஆடியவர் பாப் மெக்கின்லி. ஓரிடத்தில் 614 என்றும் இன்னோரிடத்தில் 685 என்றும் போட்டிருப்பார்கள். 614 லீக் ஆட்டம் மட்டும், 685 கோப்பைகளும் சேர்த்து. அதிக கோல் அடித்த கிரென்வில் மாரிஸுக்கும் இதே மாதிரி, லீக்கில் 199, மொத்தம் 217.

ஒரே சீசனில் அதிக லீக் கோல் அடித்தவர் வாலி ஆர்ட்ரன், 1950-51-இல் 36. அந்த சீசனில் அணி மொத்தம் 110 கோல் அடித்தது. இரண்டும் கிளப் சாதனை, இரண்டும் மூன்றாம் அடுக்கில் வந்தவை. அதனால் ஆர்ட்ரனைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அவருடைய கோல்கள்தான் கிளப்பை மேலே கொண்டுவந்தன. உச்ச அடுக்கில் அடித்தவரோடு ஒப்பிடும்போது மட்டும் அடுக்கை நினைவில் வைக்க வேண்டும்.

பணத்தில் வந்த சாதனை

1979 பிப்ரவரியில் பர்மிங்காம் சிட்டியிலிருந்து டிரெவர் ஃபிரான்சிஸை வாங்கியபோது, பிரிட்டனில் பத்து லட்சம் பவுண்டுக்கு விலைபோன முதல் வீரர் அவர். இன்றைய தொகைகளோடு வைத்துப் பார்த்தால் சின்னத் தொகையாகத் தெரியும். ஆனால் அதற்கு முந்தைய மாதம்தான் டேவிட் மில்ஸுக்கு வெஸ்ட் புரோம்விச் 5,16,000 பவுண்டு கொடுத்துப் பிரிட்டிஷ் சாதனை வைத்திருந்தது. ஒரே மாதத்தில் சாதனைத் தொகை ஏறக்குறைய இரட்டிப்பானது. பணச் சாதனையை இன்றைய விலையோடு ஒப்பிடாமல், அதற்கு முந்தைய சாதனையோடு ஒப்பிட்டால்தான் அதன் அதிர்ச்சி தெரியும். ஃபிரான்சிஸ் ஃபாரஸ்டுக்காக ஐரோப்பியக் கோப்பையில் ஆடிய முதல் ஆட்டமே மியூனிக் இறுதி ஆட்டம்தான்.

இனி முறியடிக்க முடியாத கூட்டம்

ஃபாரஸ்டின் சிட்டி கிரவுண்ட் மைதானத்தில் மிக அதிகமாகக் கூடிய கூட்டம் 49,946 பேர், 1967 அக்டோபரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக. இன்று அதே மைதானத்தின் கொள்ளளவு முப்பதாயிரத்தை ஒட்டியது. ஆர்வம் குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. அன்று பெரும்பாலோர் படிக்கட்டு மேடைகளில் நெருக்கியடித்து நின்று பார்த்தார்கள்.

அந்த முறை முடிவுக்கு வந்ததற்கு ஃபாரஸ்ட் ஆடிய ஓர் ஆட்டமே பின்னணி. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலோடு எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. அடைப்புக்குள் அளவுக்கு மீறி ஆள்களை விட்டதால் ஏற்பட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். பின்னாளில் நடந்த விசாரணை, ரசிகர்கள்மேல் பழி இல்லை, காவல்துறையின் தவறுகளே முக்கியக் காரணம் என்று தீர்த்தது. நீதிபதி டெய்லரின் அறிக்கைக்குப் பிறகு மேல் இரண்டு அடுக்கின் மைதானங்கள் முழுக்க இருக்கை உள்ளவையாக மாறின. பழைய கூட்டச் சாதனைகள் பல கிளப்புகளில் அப்படியே உறைந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். அவற்றை முறியடிக்கவில்லையே என்று யாரும் வருத்தப்படத் தேவையில்லை.

அட்டவணையில் கழித்த புள்ளிகள்

ஃபாரஸ்ட் 1999-இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. 2005-இல் மூன்றாம் அடுக்குக்கும் போனது. ஐரோப்பியக் கோப்பையை வென்ற கிளப் ஒன்று தன் நாட்டின் மூன்றாம் அடுக்குக்கு இறங்கியது அதுவே முதல்முறை. 2008-இல் இரண்டாம் அடுக்குக்கு ஏறி, 2022-இல் ஸ்டீவ் கூப்பரின் கீழ் நான்காம் இடம் பிடித்து, பிளே-ஆஃப் இறுதியில் ஹடர்ஸ்ஃபீல்டை 1-0 என்று வென்று, 23 ஆண்டுக்குப் பிறகு உச்ச அடுக்குக்குத் திரும்பியது.

அதன் பிறகு 2023-24. அட்டவணையில் ஃபாரஸ்டுக்கு 32 புள்ளி, பதினேழாம் இடம். வெற்றி 9, சமநிலை 9 என்று கூட்டினால் 36 வரும். மீதி நாலு எங்கே? பிரீமியர் லீக்கில் ஒரு கிளப் மூன்று ஆண்டில் இவ்வளவுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்று அப்போது ஒரு வரம்பு இருந்தது. அதை மீறியதற்காக 2024 மார்ச்சில் நான்கு புள்ளிகளைக் கழித்தார்கள். அதே சீசனில் எவர்ட்டனுக்கும் எட்டு புள்ளி கழிக்கப்பட்டது. இப்படிக் கழித்த சீசன்களில் புள்ளியை மட்டும் பார்த்தால் களத்தில் அணி எப்படி ஆடியது என்பது தெரியாது. வெற்றி, சமநிலை, தோல்வியைக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்த சீசனில் பதினாறாம் இடத்து பிரென்ட்ஃபோர்டுக்கு 39, பதினெட்டாம் இடத்து லூட்டனுக்கு 26. ஆகவே அந்த நான்கு புள்ளி கையில் இருந்திருந்தாலும் ஃபாரஸ்டின் இடம் பதினேழுதான்.